விற்பனைக்கு வராத வெறுந்திரை

வாசகப் பெருமக்களே, இன்று உங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன். அஞ்ச வேண்டாம், ஒரே ஒரு கேள்விதான். கதாநாயகி கதவைத் திறக்கப் போகிற நொடியில் படம் அறுந்து பற்பசை விளம்பரம் வந்தபோது, உங்கள் கை என்ன செய்தது? ரிமோட்டைத் தேடியதா? அடுப்படிப் பக்கம் போனதா? ஒலியை அமுக்கியதா? மறைக்காமல் சொல்லுங்கள். அந்தக் கையைத் தடுப்பதற்காகவே என் பணிக்காலம் முழுவதும் ஊதியம் பெற்றவன் நான். நீடாமங்கலத்தில் ஓர் உள்ளூர் கேபிள் அலைவரிசையில் விளம்பர இடைவேளைகளை வரிசைப்படுத்துவதும், அவற்றில் பாதிக்குமேல் குரல் கொடுப்பதும் என் தொழில். உங்களைத் திரைமுன் அமர்த்துவது என் கடமை. எழுந்து போவது உங்கள் உரிமை. இந்த நீண்ட வழக்கில் வென்றவர் நீங்கள். தோற்றவன் தன் எதிரியைப் புகழ்ந்து எழுதும் உரை இது.

அண்மையில் எனக்கு ஓய்வளித்து அலுவலகத்தில் ஒரு தேநீர் விருந்து வைத்தார்கள். அலைவரிசை இப்போது கைப்பேசிக்குள் போய்விட்டது. விளம்பரங்களைக் கணினியே பொறுக்கிச் செருகுகிறது. புதிதாகப் பணியில் சேர்ந்த தங்கை ஒருத்தி கேட்டாள்: “சார், அப்பல்லாம் ஸ்கிப் பட்டன் இல்லையே. ஜனங்க எப்படித்தான் சமாளிச்சாங்க?” எழுந்து பதில் சொல்லத் தொடங்கினேன். தேநீர் ஆறிவிட்டது, பதில் முடியவில்லை. முடிக்கவே இதை எழுதுகிறேன்.

நான் மேடையில் வளர்ந்தவன். கல்லூரி நாட்களில் தஞ்சை வட்டாரத்தில் என்னை எதிர்த்துப் பேச வந்தவர்கள், நான் எழுந்ததுமே தங்கள் குறிப்புத்தாளை இன்னொரு முறை பார்த்துக்கொள்வார்கள். அந்த அளவுக்குப் பெருமை. அந்த அளவுக்குத் தலைக்கனம். ஒரு போட்டியில் ‘விளம்பரம் வணிகத்தின் உயிர்மூச்சு’ என்னும் அணியில் நின்று முழங்கினேன். அரங்கில் இருந்த கேபிள் முதலாளி மறுநாளே ஆள் அனுப்பினார். “நீங்க பேசினதை நீங்களே செஞ்சு காட்டுங்க தம்பி,” என்றார். ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, நேரம் பிரித்தல் எல்லாம் சில மாதங்களில் கைவந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது என் மேலதிகாரியைப் பற்றி.

அவர் பெயர் கனகவல்லி. வயது என் வயதுதான். திருக்காட்டுப்பள்ளிக்காரர். கட்டுப்பாட்டு அறையும் நிகழ்ச்சிப் பட்டியலும் அவர் பொறுப்பு. குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் நாற்காலியைச் சற்றே பின்னுக்குத் தள்ளினால், அறையில் உள்ள அனைவரும் நாங்கள் செய்துகொண்டிருப்பது சரிதானா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்வோம். நான் முதன்முதலில் ஒரு பட்டுச்சேலை விளம்பரத்துக்குக் குரல் கொடுத்துவிட்டுப் பாராட்டை எதிர்பார்த்து நின்றேன். முழுவதும் கேட்டார். “நல்லா இருக்கு பேச்சாளர் சார். மேடையில கைதட்டுவாங்க. வீட்ல தட்டுறதுக்கு அவங்க கை சும்மா இருக்குமான்னு பாக்கணும்,” என்றார். அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை நான் அவருக்குப் ‘பேச்சாளர் சார்’.

இடைவேளை ஒன்றை அடுக்குவது எப்படி என்பதை அவரிடம்தான் கற்றேன். இரண்டு நகைக்கடைகள் அடுத்தடுத்து வரக் கூடாது. துக்க அறிவிப்பை ஒட்டி இனிப்புக்கடை வரக் கூடாது. இவை யாருக்கும் தெரிந்தவை. அவருடைய கணக்கு வேறு. “முதல் விளம்பரம், அவங்க ரிமோட்டைத் தேடுற நேரம். கடைசி விளம்பரம், அவங்க திரும்பி வந்து உக்கார்ற நேரம். நடுவுல உள்ளதைச் சுவர்தான் பாக்கும்.” ஆகவே முதலிடமும் கடைசி இடமும் விலையுள்ளவை. நடுவில் இருந்ததற்கு எங்கள் அறையில் ‘பள்ளம்’ என்று பெயர். தையல் பயிற்சி, உரக்கடை, காணாமற்போன மாடு, கோயில் திருவிழா, இலவசமாக வரும் பொது அறிவிப்பு எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் விழும். அது முதலாளி வகுத்த விதி.

கனகவல்லி இதையெல்லாம் எங்கே கண்டுபிடித்தார்? வாடிக்கையாளர் வீடுகளில். கேபிள் லைன்மேன் மாதச் சந்தாவுக்குப் போகும்போது அவரும் கூடப் போவார். போன வீட்டில் ஒரு முக்காலியை வாங்கித் தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி உட்காருவார். படம் அவர் முதுகுக்குப் பின்னால் ஓடும். அவர் பார்ப்பது பார்ப்பவர்களை. என்னையும் ஒருநாள் அப்படி உட்கார வைத்தார். கழுத்து தானாகத் திரும்பியது. “திரும்பாதீங்க சார். நம்ம வேலை இந்தப் பக்கம்,” என்றார்.

அந்தப் பக்கம் நான் கண்டவை எந்தப் பாடநூலிலும் இல்லாதவை. ரயிலடித் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஒரு படத்தின் விளம்பர நேரத்தில் இன்னொரு படத்தைப் பார்த்து, இரண்டு கதைகளையும் ஒரு வசனம் தவறாமல் முடிப்பார். ரிமோட் பழுதான வீட்டில் கட்டிலிலிருந்து பொத்தானை அமுக்க அளவெடுத்து வெட்டிய மூங்கில் குச்சி இருந்தது. கடைவீதித் தேநீர்க் கடைக்காரர் விளம்பரம் வந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, “வடை சூடா இருக்கு, யாருக்கு வேணும்?” என்பார். எங்கள் இடைவேளையைத் தம் விற்பனை நேரமாக மாற்றிக்கொண்ட அந்த மேதைக்கு முன், நாங்களெல்லாம் விளம்பரக்காரர்களே அல்லர்.

எல்லாரையும் மிஞ்சியவர் மல்லிகா. நீடாமங்கலத்துக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டிய தாழ்வான பகுதியில் இருக்கிறது படுகைத்தெரு. அங்கே கணவரோடு குத்தகை நிலத்தில் குறுவையும் சம்பாவும் பயிர் செய்தவர். தெருவில் தொலைபேசி இருந்த ஓரிரு வீடுகளில் அவருடையது ஒன்று. நாங்கள் போனபோது வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்களும் உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளை வந்தது. என் குரல் “தஞ்சைத் தரணியின்...” என்று தொடங்கியது. மல்லிகா எழுந்தார், கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தொலைக்காட்சியின் முகத்தில் போட்டார், ஒலித்திருகை அடியோடு திருப்பினார், உட்கார்ந்து, பாதியில் விட்ட பேச்சைத் தொடர்ந்தார். ஒரே அசைவு. பரதம் பயின்றவர்களிடம்கூட அத்தனை சுருக்கத்தை நான் கண்டதில்லை.

“ஏம்மா துண்டு?” என்று கேட்டேன்.

“படம் தெரிஞ்சா கண்ணு போவும்ணே. கண்ணு போனா மனசு போவும். அப்புறம் தீவாளிக்கு அந்தச் சேலைதான் வேணும்னு இவ அழுவா,” என்று பக்கத்தில் இருந்த நாத்தனாரைக் காட்டினார்.

“நான் எங்க அண்ணி அழுதேன்? நீதான் கேட்ட.”

“மூடு. பெரியவங்க வந்திருக்காங்க.” பிறகு என்னைக் கூர்ந்து பார்த்தார். “அண்ணே, இந்தக் குரலு... நீங்கதானா?”

நிமிர்ந்து உட்கார்ந்தேன். “ஆமாம்மா.”

“கோவிச்சுக்காதீங்க. உங்க குரலு வந்தாலே எங்க தெருவுல அத்தனை கையும் எந்திரிச்சிரும். மணியடிச்ச மாதிரி. கையில உலக்கை இருந்தாலும் வச்சிட்டு வந்து அமுக்குவோம்.”

பெண்கள் சிரித்தார்கள். கனகவல்லியும் சிரித்தார், முதுகைத் தொலைக்காட்சிக்குக் காட்டியபடியே. திரும்பி வரும் வழியில், “இது பாராட்டு சார்,” என்றார் அவர். “இந்த ஊர்ல இவ்வளவு தெளிவாப் புரிஞ்சுக்கிட்ட குரல் வேற எது?”

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

ஐப்பசி மாதம். தீபாவளி விளம்பரங்கள் குவிந்திருந்த நேரம். குறுவை அறுவடை முடிந்து, படுகைத்தெருக்காரர்களின் நெல் முழுவதும் வாய்க்கால் ஓரத்துக் களத்தில் தார்ப்பாய் போர்த்தி அம்பாரமாகக் கிடந்தது. கொள்முதலுக்குக் கொண்டுபோகக் காத்திருந்த நெல். கடன், வீட்டுச்செலவு, அடுத்த சம்பாவுக்கான உரம் எல்லாம் அந்தக் குவியலுக்குள்தான். இரண்டு நாளாகக் கொட்டிய மழை நண்பகலில் சற்றே விட்டிருந்தது. ஊரே வீட்டுக்குள் உட்கார்ந்து எங்கள் அலைவரிசையில் மதியப் படம் பார்த்துக்கொண்டிருந்தது. அதை வழங்கியவர் பெரிய ஜவுளிக்கடைக்காரர் ஒருவர்.

தொலைபேசி அடித்தது. பேசியவர் தங்கையன், வாய்க்கால் கரையையும் மதகையும் காவல் காக்கும் பொதுப்பணித்துறை ஊழியர். எங்கள் பக்கத்தில் அவரை லஸ்கர் என்போம். எதிர்க்கரையில் மதகடியில் இருந்த ஒரு கடையிலிருந்து பேசினார். “மேடம் இருக்காங்களா? படுகைத்தெருப் பக்கம் கரை கசியுது சார். மணல்மூட்டை போட்டுக்கிட்டு இருக்கோம். நிக்காது. உடைப்பு எடுத்தா முதல் அடி அவங்க களத்துலதான். நெல்லை மேட்டுக்கு ஏத்தச் சொல்லுங்க. இங்கேருந்து கத்தினா தண்ணிச் சத்தத்துல கேக்க மாட்டேங்குது. சுத்தி வர்ற பாலத்துல மரம் விழுந்து கெடக்கு.”

படுகைத்தெருவில் யாருடைய தொலைபேசி எண்ணும் எங்களிடம் இல்லை. அவர்கள் எல்லாரிடமும் எங்கள் எண் இருந்தது. சைக்கிளில் ஆள் போய்ச் சேரும்வரை கரை தாங்குமா தெரியாது. இந்த நிலையில் நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான் என்று நினைத்தேன். விதிப்படி பள்ளத்தில் போட வேண்டிய அறிவிப்பை இடைவேளையின் முதலிடத்தில் வைத்தேன். ஒலிவாங்கியைப் பிடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு உருக்கமாக, அவ்வளவு தெளிவாக எதையும் படித்ததில்லை. இருமுறை படித்தேன். திரையின் அடியிலும் எழுத்தை ஓடவிட்டோம்.

படித்து முடித்துச் சிறிது நேரத்தில் தங்கையன் மறுபடி அழைத்தார். “சொன்னீங்களா இல்லையா? இங்கேருந்து களம் தெரியுது. ஒரு மனுசனைக் காணோம். காக்காதான் உக்காந்திருக்கு.”

“சொல்லியாச்சு. இன்னொரு தடவை படிக்கிறேன்,” என்று ஒலிவாங்கியை எடுத்தேன்.

கனகவல்லியின் நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது.

“வேண்டாம் சார்.”

“இன்னும் அழுத்தமாச் சொல்றேன் மேடம்.”

“நீங்க எவ்வளவு அழுத்தமாச் சொல்றீங்களோ அவ்வளவு அழுத்தமா அமுக்குவாங்க. நீங்க வாயைத் திறந்த உடனே துண்டு விழுந்திருக்கும்.”

“அப்போ நீங்க படிங்க. படத்துக்கு நடுவுலயே நிறுத்திப் படிப்போம்.”

“படம் நின்னு ஒரு குரல் வந்தா அவங்களுக்கு அது விளம்பரம். யார் குரலா இருந்தா என்ன?” அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஊரின் நான்கு திசைகளுக்கும் பிரியும் கேபிள் இணைப்புகள் வரிசையாக இருந்தன. “இந்த ஜனங்க டிவியில வர்ற எதையும் தாண்டிப் போயிருவாங்க. ஒண்ணே ஒண்ணைத்தான் தாங்க மாட்டாங்க.”

கிழக்கு லைனைக் கையால் பிடித்துப் பிடுங்கினார்.

முதலாளியின் அனுமதியின்றி எந்த லைனையும் தொடக் கூடாது. தொட்டவர் மறுநாள் வர வேண்டாம் என்பது எங்கள் அலுவலகத்தின் முதல் விதி. விழாக்கால ஞாயிறு, ஜவுளிக்கடையார் வழங்கும் படம், கிழக்குப் பக்கம் முழுவதும் எல்லா அலைவரிசைகளும் ஒரே நொடியில் வெறுந்திரை. வாசகரே, கேபிள் பார்த்த குடும்பத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விளம்பரம் வந்தால் உட்கார்ந்தபடியே சமாளிப்போம். கேபிளே போய்விட்டால்? எழுந்து வாசலுக்கு வருவோம். எதிர்வீட்டைப் பார்த்து, “உங்க வீட்ல வருதா?” என்போம். அங்கேயும் வரவில்லை என்றால் தெருவே கூடும், கேபிள்காரனைத் திட்டும், பிறகு தொலைபேசியை எடுக்கும்.

எடுத்தார்கள். மேசையில் இருந்த தொலைபேசிகள் ஒருசேர அலறின.

“யோவ், படம் முடியுற நேரத்துல என்னய்யா பண்றீங்க?” முதல் அழைப்பே மல்லிகாவுடையது. பின்னால் தெருவே நிற்கும் இரைச்சல்.

“மல்லிகாம்மா, லைன் அறுந்து போகல. நாங்கதான் பிடுங்கினோம். உங்க பக்கம் கரை கசியுது. உடைக்கப் போகுது. களத்து நெல்லை மேட்டுக்கு ஏத்துங்க.”

“அண்ணே, நீங்களா? விளையாட்டு இல்லியே?”

“விளையாட்டுக்கு லைனைப் பிடுங்குவோமாம்மா?”

அவர் தொலைபேசியை வைக்காமலே தெருவைப் பார்த்துக் கத்தினார்: “ஏய், எல்லாம் களத்துக்கு ஓடுங்க. கரை உடையுதாம். சாக்கை எடுங்கடி.” தெருவில் எல்லாரும் ஏற்கெனவே வாசலில்தான் நின்றிருந்தார்கள். அவர்களை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவரும் வேலையை வெறுந்திரை முடித்திருந்தது.

அடுத்த தொலைபேசியில் முதலாளி. கனகவல்லி எடுத்தார். மறுமுனையின் கூச்சல் எனக்கே கேட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், போனை வைங்க. ஜனங்க கூப்பிடுறாங்க,” என்று சொல்லித் தாமே வைத்துவிட்டார். மேடைகளில் எத்தனையோ வெட்டுப்பேச்சுகளைக் கேட்டவன் நான். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக ஒன்றையும் கேட்டதில்லை.

பொழுது சாய்வதற்கு முன் கரை உடைந்தது. தங்கையன் அழைத்துச் சொன்னார். பெரும்பகுதி நெல் மேட்டுச் சாலைக்கும் பள்ளிக்கூடத் தாழ்வாரத்துக்கும் ஏறிவிட்டிருந்தது. அம்பாரத்தின் அடியில் கிடந்தது நனைந்தது, சிலருக்கு இழப்புதான். ஆனால் சம்பாவுக்கு வழி இருந்தது. கனகவல்லி கிழக்கு லைனை மறுபடி செருகினார். படம் எப்போதோ முடிந்து, என் குரலில் பட்டுச்சேலை ஓடிக்கொண்டிருந்தது.

அவருடைய வேலை போகும் என்று எதிர்பார்த்தோம். மறுநாள் அலுவலகத்துக்கு வந்தவரோ ஜவுளிக்கடைக்காரர்; கையில் இனிப்புப் பெட்டி. அவர் வீடும் கிழக்கு லைனில்தான் இருந்தது.

“நேத்து எங்க வீட்லயே எல்லாரும் வாசலுக்கு வந்துட்டாங்க சார். நடக்க முடியாதுன்னு படுத்திருக்கிற என் மாமியார் வரைக்கும். இத்தனை வருஷமா விளம்பரம் குடுக்குறேன், என் துணியைப் பாக்க ஒருத்தரும் எந்திரிச்சு வந்ததில்ல.” முதலாளியின் பக்கம் திரும்பினார். “தீவாளி வரைக்கும் தெனம் ஒருதரம் லைனைப் பிடுங்குங்க. எல்லாரும் வாசலுக்கு வந்து பதறட்டும். மறுபடி சொருகுறப்போ என் கடைப் பேர் வரட்டும். படுகைத்தெருவுல விளம்பரத்துக்குப் போடுற மாதிரி அதுக்கு ஒரு துண்டு போட முடியுமா யாராலயாவது?”

தொழில்முறையில் சொன்னால், நான் கேட்டவற்றுள் தலைசிறந்த விளம்பர யோசனை அதுவே. முதலாளியின் முகம் மலர்ந்தது. “இடைவேளைப் பட்டியல் உங்க கையில. நீங்க என்ன சொல்றீங்க?” என்று என்னிடம் கேட்டார். கனகவல்லியின் நாற்காலி நகர்ந்தது எனக்குக் கேட்டது.

“துண்டு போட முடியும் சார்,” என்றேன். “ரெண்டு தடவை பொய்யாப் பிடுங்கினா, மூணாவது தடவை ஒருத்தரும் வாசலுக்கு வர மாட்டாங்க. அதைத் தாண்டவும் வழி கண்டுபிடிச்சிருவாங்க. அன்னைக்குக் கரை உடைஞ்சா நம்மகிட்ட பிடுங்க வேற எதுவும் இருக்காது.”

“யோசிப்போம், யோசிப்போம்,” என்றார் முதலாளி. யோசிப்போம் என்பது ‘சரி’ என்பதன் முதற்பாதி என்பதை அந்த அலுவலகத்தில் அறியாதவர் இல்லை.

அறைக்குத் திரும்பியதும் கனகவல்லி கேட்டார்: “பேச்சாளர் சார், நீங்க நாலு பேர் முன்னாடி ஒரு வார்த்தை சொன்னா அதைத் திருப்பி எடுப்பீங்களா?”

“இதுவரைக்கும் எடுத்ததில்ல மேடம்.”

“ஊர் முன்னால நாம சொல்லிட்டா முதலாளியும் அதை மறுக்க மாட்டாரு. அப்ப கிளம்புங்க.”

அவருடைய சைக்கிளும் என்னுடையதுமாக மாலையில் படுகைத்தெருவுக்குப் போனோம். நனைந்த நெல்லை மேட்டுச் சாலையில் பரப்பி, காலால் கிளறிக்கொண்டிருந்தார்கள். மேடை இல்லை, ஒலிவாங்கி இல்லை. மல்லிகா கால் நிறுத்தாமல், “என்னண்ணே, நேர்லயே வந்து சேலை விக்கப் போறீங்களா?” என்றார். சிரிப்பு அடங்கும்வரை நின்றேன். பிறகு, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்:

“கேபிள் போனா இப்ப மாதிரியே திட்டிக்கிட்டு வாசலுக்கு வாங்க, திட்டிக்கிட்டே போன் பண்ணுங்க. நாங்க எடுத்து, உள்ளது உள்ளபடி காரணம் சொல்லுவோம். ஆனா எங்க கையால லைனைப் பிடுங்குறது உங்க உசுருக்கும் உங்க நெல்லுக்கும் ஆபத்துன்னா மட்டும்தான். எந்தக் கடைக்காரர் வந்து கேட்டாலும் அதை மட்டும் விக்க மாட்டோம். நான் அந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் இது என் வாக்கு.”